கண்ணாடி வந்த கதை, போன கதை (நடுவுல நம்ம பெரிய கோயில்)

தஞ்சாவூர்ல கேமரா தூக்குற நாலு பேர் சேர்ந்தா இப்ப ஒரே பேச்சுதான். "என்னண்ணே, மிரர்லெஸ்ஸுக்கு மாறியாச்சா?" மாறினவங்க ஒரு கட்சி, டி.எஸ்.எல்.ஆரை விடமாட்டேன்னு நிக்கிறவங்க இன்னொரு கட்சி. ரெண்டு கட்சிக்கும் ஒரு பழைய கதை சொல்லணும் மக்களே. நடந்தது நம்ம ஊர்லதான்.

லினேயஸ் ட்ரைப் (1822-1902). கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் கேப்டன். 1855-ல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று படம் எடுத்தவர். அப்புறம் மதராஸ் மாகாண அரசு தன் புகைப்படக்காரராகவே அவரை வைத்துக்கொண்டது. 1857 டிசம்பரில் கிளம்பி, 1858 ஏப்ரல் வரை ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று சுற்றினார்.

அவர் கேமராவில் கண்ணாடி, அதாவது மிரர், கிடையாது. முன்னால லென்ஸ், பின்னால ஒரு மங்கல் கண்ணாடிப் பலகை. கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுப் பார்த்தா விமானம் தலைகீழாத் தெரியும். ஃபோகஸ் பண்ணி முடிச்சதும் அந்தப் பலகையை எடுத்துட்டு, அதே இடத்துல நெகட்டிவைச் சொருகணும். சொருகின பிறகு லென்ஸ் வழியா எதையும் பார்க்க முடியாது. ஆள் அசைஞ்சாலும் மாடு குறுக்கே போனாலும் தெய்வம் விட்ட வழி.

இந்தத் தொல்லைக்குத்தான் மிரர் வந்தது. பார்க்கிற நேரம் ஒளியை மேலே திருப்பி விடும், எடுக்கிற நேரம் ஒதுங்கிக்கும். தாமஸ் சட்டன் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1861. ட்ரைப் தஞ்சாவூரில் படம் எடுத்து மூணே வருஷம்! ஆனா அந்த யோசனை நல்லா ஊன்ற ரொம்ப காலம் பிடிச்சது. 1959-ல் நிகான் எஃப் வந்த பிறகு பத்திரிகைக்காரர்கள் கையிலெல்லாம் எஸ்.எல்.ஆர்தான். 1999-ல் நிகான் டி1 வந்தபோது ஃபிலிம் இருந்த இடத்தில் சென்சார் உட்கார்ந்தது. மிரர் மட்டும் அப்படியே இருந்தது.

இங்கேதான் விஷயம். ஃபிலிமைப் படம் எடுத்துக்கிட்டே பார்க்க முடியாது. சென்சார் தான் பார்க்கிறதை அப்பப்ப நமக்கே காட்டிடும். அப்புறம் நடுவுல தரகர் எதுக்கு? 2008-ல் பானசோனிக் ஜி1 மிரரைக் கழற்றி வைத்தது. 2013-ல் சோனி ஏ7. கேனானும் நிகானும் 2018-ல் முழு அளவு சென்சாரோடு இந்தப் பக்கம் வந்தார்கள். ஆக மிரர்லெஸ் ஒண்ணும் வானத்துல இருந்து குதிக்கலை. லென்ஸுக்கும் பதிவாகிற பரப்புக்கும் நடுவுல ஒண்ணும் இல்லாத ட்ரைப் காலத்துப் பெட்டிதான், கொஞ்சம் புத்தி வந்து திரும்பி வந்திருக்கு :-)

ட்ரைப்புக்கும் "எதுக்கு மாறுவது" என்ற கேள்வி இருந்தது. மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ் அவருக்குக் கைவந்த முறை. லேசு, முன்கூட்டியே தயார் பண்ணி வைக்கலாம். ஆனா காகிதத்தின் நார் படத்துல தெரியும். புதுசா வந்த கண்ணாடித் தகடு நுணுக்கமா பதியும், ஆனா கனம், உடையும். அவர் கட்சி கட்டவில்லை. ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போனார். காகித நெகட்டிவில் வானம் வெறிச்சோடிப் போனா, அந்த நெகட்டிவ் மேலேயே தூரிகையால மேகம் வரைஞ்சார். (ஃபோட்டோஷாப்பைத் திட்டுறவங்க கவனிக்க!)

பெரிய கோயிலில் அவர் செய்த வேலை மலைக்க வைக்கும். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, பகுதி பகுதியா எடுத்தார். 21 பிரிண்ட்களைச் சேர்த்து ஒட்டினால் சுமார் 19 அடி நீளம். ராஜராஜனும் அக்காள் குந்தவையும் கொடுத்தது என்ன, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் யார் யார், எந்தத் தெருவில் எந்த வீடு என்றெல்லாம் சொல்லும் கோயில் அது. ஹூல்ட்ஸ் அந்தக் கல்வெட்டுகளைப் படித்து அச்சில் கொண்டுவர ஆரம்பித்தது 1891-ல். ட்ரைப் படம் எடுத்து முப்பது வருஷத்துக்கு அப்புறம்! யாருக்கு எப்போ பயன்படும்னு கணக்குப் பார்த்திருந்தா அந்த 19 அடி கிடைச்சிருக்காது.

அப்படிக் கணக்குப் பார்த்தவர் ஒருத்தர் வந்தார். 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், இது கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று புகைப்படப் பிரிவை மூடச் சொன்னார். 1860-ல் கடை கட்டியாச்சு. அதன் பிறகு ட்ரைப் எடுத்த படங்கள் மிகச் சொற்பம்.

எனக்கு உறுத்துவது இதுதான். காகிதத்திலிருந்து கண்ணாடிக்கு மாறியதால் ஒரு கோயிலும் பதிவாகாமல் போகவில்லை. நிறுத்தியதால் போனது. இன்னும் நாலு வருஷம் அவர் சுற்றியிருந்தால், டெல்டாவில் இன்னும் எத்தனை ஊர், எத்தனை படித்துறை கிடைத்திருக்கும்!

சரி, நான் எந்தக் கட்சி? திருவையாறு ஆராதனையில் பாட்டுக்கு நடுவே டி.எஸ்.எல்.ஆர் மிரர் 'டப் டப்'னு அடிச்சா பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மாமா முறைப்பார். அங்கே மிரர்லெஸ், சத்தமே இல்லாம. வயலுக்கு என் பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒரு பேட்டரி நாள் முழுக்க வரும், வரப்புல வழுக்கி விழுந்தாலும் மனசு பதறாது. புதுசு வாங்குறவங்க யோசிக்கவே வேண்டாம், மிரர்லெஸ்தான். பழசு கையில இருக்கிறவங்க மாறுற வரைக்கும் அதைப் பையில பூட்டி வைக்காதீங்க. கையறுப்பு போய் மெஷின் அறுப்பு வந்தாச்சு, போரடிக்கிற களம் குறைஞ்சுக்கிட்டே வருது. நாம கேமரா மாத்துற வரைக்கும் அதெல்லாம் காத்துக்கிட்டு இருக்காது.

டிஸ்கி: எந்தக் கம்பெனியும் எனக்குக் கேமரா கொடுக்கலை. கொடுத்தா வேண்டாம்னு சொல்ல மாட்டேன் ;-)