பங்களாவின் ஜின்னும் லயத்துக் கள்ளும்

கலும்பாங் முதலிய வடசிலாங்கூர்த் தோட்டங்களின் சரித்திரம் பேசுவோர், குடி என்றதும் கைநீட்டுவது கள்ளுக்கடையை நோக்கித்தான். துரைமார் பங்களா வராந்தாவில் மாலைதோறும் நடந்தது கணக்கில் வருவதில்லை.

அங்கே வார்க்கப்பட்டது 'ஜின் பாஹிட்'. பாஹிட் என்பது மலாய் மொழியில் கசப்பு. 1824-இல் வெனிசுலா நாட்டு அங்கோஸ்டுரா நகரில் சீகெர்ட் என்னும் ஜெர்மானிய வைத்தியர் ஆக்கிய கசப்புச் சாறு சில துளி விட்டு, கிண்ணத்தின் உட்புறம் படியச் சுழற்றி, மிகுதியைக் கொட்டிவிட்டு ஜின் வார்த்தால் முடிந்தது. மேனாட்டார் வீட்டில் கலக்கும் மார்ட்டினி இதன் உறவினனே. கசப்புக்குப் பதில் வெர்மூத் என்னும் மூலிகை மது, நிறையப் பனிக்கட்டி, நிதானமான கிண்டல். சோமர்செட் மாம் எழுதிய மலாய்நாட்டுக் கதைகளில் பாஹிட் தாராளமாகப் பரிமாறப்படுகிறது.

ஜின்னில் நூற்றுக்குச் சுமார் 40 பங்கு மதுசாரம். கள்ளில் சுமார் 5. வலியது நாகரிகமாம், மெலியது ஒழுக்கக்கேடாம்!

நிற்க. துரை தன் காசில் தன் வீட்டில் கலந்து குடித்தான். தொழிலாளிக்கோ பல தோட்டங்களில் நிர்வாகமே கடை வைத்தது. கொடுத்த கூலி அவ்வழியே திரும்பிற்று. 1941-இல் அதே சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த தமிழர், கூலி உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூடுமாறும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்கும் வழக்கத்தை ஒழிக்குமாறும் கேட்டனர். குடிகாரர் என்று இகழப்பட்டவர்களே கேட்டது இது. மே மாதம் தலைவர் ஆர். எச். நாதன் கைதானார், படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

கடைகள் திறந்தே இருந்தன. யுத்தம் முடிந்தபின் 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் அவற்றின் வாசலில் மறியலுக்கு நிற்க வேண்டியதாயிற்று.