காணாக்கடி

காணாக்கடி (பெ.): தோலில் திடீரென எழும் அரிப்புள்ள தடிப்பு. 'காணாத கடி' என்பது ஈறு கெட்டு, வல்லினம் மிகுந்து 'காணாக்கடி' ஆயிற்று. கடித்தது எதுவென்று தெரியாத கடி என்பது பொருள். சித்த மருத்துவத்திலும் இப்பெயர் உண்டு. ஆங்கில மருத்துவம் சொல்லும் 'அர்ட்டிகேரியா', பட்டால் அரிக்கும் ஒரு செடியின் லத்தீன் பெயரான 'உர்டிகா'விலிருந்து வந்தது.

பெரும்பாலும் இதில் கடித்த பூச்சி எதுவும் இராது. தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுவதால் தோல் தடிக்கிறது. சிறு குழந்தைகளுக்கு வைரஸ் தொற்றே அடிக்கடி காரணம். முட்டை, பால், வேர்க்கடலை போன்ற உணவும் சில மருந்துகளும் காரணமாகலாம். பலருக்குக் காரணம் கடைசிவரை பிடிபடுவதில்லை. ஆகவே ஒருமுறை தடித்ததற்காகப் பாலையும் முட்டையையும் நாமாகவே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு தடிப்பும் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் மறைந்து, வேறிடத்தில் புதிதாக எழும். 6 வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது நாட்பட்ட காணாக்கடி. தடிப்போடு நாக்கு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, குழந்தை துவண்டாலோ ஒரு நிமிடமும் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.