தொண்டை மண்டல மருத்துவ மரபில் தொக்கணம்: கல்வெட்டும் கைவழி அறிவும்

முன்னுரை

சம்புவராயரின் தலைநகராக விளங்கிய படவேடு, ஜவ்வாது மலையடிவாரத்தில் அமைந்துள்ளது. அம்மலையில் தோன்றும் செய்யாறு, பாலாற்றோடும் வேகவதியோடும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்குள்ள வீரராசேந்திர சோழன் (கி.பி. 1063-1070) காலக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைக் குறிப்பிடுகிறது. இந்நிலப்பகுதியின் மருத்துவ வரலாற்றில் தொக்கணத்தின் இடத்தை அக்கல்வெட்டின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வெட்டுச் சான்று

மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள், நாவிதர் ஆகியோருக்கு உரிய ஊதியத்தை இக்கல்வெட்டு வரையறுக்கிறது. இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளுள் தைலங்களும் இடம்பெறுகின்றன. இதனைக் கொண்டு அங்குத் தொக்கணம் நிகழ்ந்தது எனத் துணிதல் பொருந்தாது. ஆமணக்கு சேர்ந்த தைலம் உள்ளுக்கும் வழங்கப்படுவதாகும். தொக்கணத்திற்கெனத் தனிப் பணியாளர் எவரும் சுட்டப்பெறவில்லை. எனினும் நாவிதர் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. தமிழகத்தில் அக்குடியினர் ‘மருத்துவர்’ என்றும், மகப்பேறு பார்த்த அக்குடிப் பெண்டிர் ‘மருத்துவச்சி’ என்றும் வழங்கப்பெற்றனர்.

தொக்கணத்தின் வகையும் பயனும்

சித்த மருத்துவம் கூறும் 32 புறமருந்துகளுள் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். பாரிசவாதம், மூட்டு இறுக்கம், தசைப்பிடிப்பு முதலிய வாத நோய்களுக்கு இது பயன்படுகிறது; காய்ச்சலின்போது தவிர்க்கப்படுகிறது. கல்வெட்டில் தைலப் பெயர்கள் வடமொழியில் அமைய, தொக்கண வகைகளோ அன்றாடத் தமிழ் வினைகளால் பெயர் பெற்றுள்ளன. ஏட்டறிவுக்கு அப்பால் கைவழியாகவும் இவ்வறிவு வளர்ந்திருத்தல் கூடும் என இவ்வேறுபாடு கருத இடமளிக்கிறது.

நிறுவனமயமாதல்

1921இல் அமைக்கப்பெற்ற உஸ்மான் குழு, 1923இல் அளித்த அறிக்கையில் நாட்டு மருத்துவங்களுக்கு ஆதரவளித்தது. 1964இல் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 2005இல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் தோன்றின. தொக்கணம் பாடமாயிற்று; ஆயின் அதனைத் தலைமுறைதோறும் கையாண்டோர் பட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றனர்.

முடிவுரை

ஏடும் கல்வெட்டும் மட்டும் சான்றாயின், மருந்துக்கு வரலாறு கிடைக்கும். மருந்திட்ட கைகளுக்குக் கிடைக்காது. ஆகவே படவேடு உள்ளிட்ட மலையடிவார ஊர்களில் எண்ணெயிட்டு நீவுவோர், எலும்பு கட்டுவோர், மருத்துவச்சியர் ஆகியோரின் சொற்களையும் செய்முறைகளையும் களஆய்வால் பதிவு செய்தல் இன்றியமையாதது. அப்பதிவு மருத்துவ வரலாற்றுக்கு மட்டுமன்றி, குடிவரலாற்றுக்கும் சான்றாகும்.