கப்பலேறி வந்த தையற்கூடை

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களின் பெட்டிகளில் சீட்டு ஒட்டப்படுவது வழக்கம். "பயணத்தில் தேவையில்லை" என்ற சீட்டு ஒட்டிய பெட்டி கப்பலின் அடித்தளத்துக்குப் போய்விடும். துறைமுகம் சேரும்வரை உடையவரே கேட்டாலும் அது எளிதில் மேலே வராது. அறைக்குரிய சீட்டு ஒட்டியவை மட்டுமே கூடவே இருக்கும். எது கீழே போகலாம், எது கையருகே வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்துவைப்பது அக்காலப் பயண ஆயத்தத்தில் பெரும் பகுதி. ஐரோப்பியப் பெண்களின் தையற்கூடை பெரும்பாலும் அறைக்குள் வந்தது. ஊசி, நூற்கண்டு, விரற்சிமிழ், சிறு கத்தரிக்கோல், பூவேலைக்கு வட்டச்சட்டத்தில் இழுத்துக்கட்டிய துணி ஆகியவை கடல்வழி நாள்களைக் கழிப்பதற்கான கருவிகளாகக் கருதப்பட்டன.

அந்த நாள்களின் எண்ணிக்கையை மறந்துவிட்டால் கூடையின் பொருள் விளங்காது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய பாய்மரக் கப்பற்பயணம் நான்கு முதல் ஆறு மாதம் நீளும். 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்கள் அதனைச் சில வாரங்களாகச் சுருக்கின. செகந்திராபாத்துக்கு வருவோருக்குக் கரையிறங்கிய பின்னும் வழி மிச்சமிருந்தது. கடலற்ற அந்தப் படைமுகாம், 1798-இல் நிஜாம் ஏற்ற துணைப்படை உடன்படிக்கையின் விளைவாக உசேன் சாகருக்கு வடக்கே உருவாகி, 1806-இல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரைப் பெற்றது. இரயில் வருவதற்கு முன் சென்னையிலோ மசூலிப்பட்டினத்திலோ இறங்கிப் பல்லக்கிலும் மாட்டுவண்டியிலும் வந்தாக வேண்டும். 1874-இல் வாடி சந்திப்பிலிருந்து நிஜாமின் இரயில்பாதை செகந்திராபாத்தை எட்டிய பிறகே பம்பாயில் இறங்கியவர் வண்டியேறி நேரே வந்துசேர முடிந்தது.

ஆக, பல வாரங்கள் பயனுள்ள வேலை எதுவுமற்று இருக்க வேண்டிய ஒரு கூட்டம் கப்பலின் மேற்றளத்தில் அமர்ந்திருந்தது. அக்கூட்டத்துப் பெண்கள் தைத்தவை பெரும்பாலும் தேவைக்கான உடைகள் அல்ல. மேசைவிரிப்பின் ஓரம், காலணியின் மேற்பரப்பு, தலையணை உறை, கைக்குட்டையின் மூலை எழுத்து போன்றவை. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு தனிப் பெயரே இருந்தது. தமிழில் 'அலங்காரத் தையல்' எனலாம். தைப்பது தெரிந்திருக்க வேண்டும், ஆனால் தைத்துப் பிழைக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. நடுத்தர வர்க்கப் பெண்மைக்கு விக்டோரியா காலம் வகுத்த இலக்கணம் அது. மேலைநாடுகளில் இன்று தையல் ஆர்வலர்களுக்கென்றே உல்லாசக் கப்பற்பயணங்கள் நடத்தப்படுகின்றன. கத்தரிக்கோலின் அலகு எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதற்குக் கப்பல் நிறுவனங்கள் விதி வகுத்திருக்கின்றன. அப்பயணிகள் தாமறியாமலே பின்பற்றுவது இந்தப் பழைய மரபைத்தான்.

ஆனால் ஒரே கப்பலில் ஊசி பிடித்த கைகள் வேறும் இருந்தன. இந்தப் பகுதியை வரலாறு போதிய அளவு பேசவில்லை.

பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிகள் தம் உடையைத் தாமே தைத்து, கிழிசலைத் தாமே ஒட்டுப்போட வேண்டும். அதற்கென ஒரு பிற்பகல் ஒதுக்கப்படும். 'தைக்கவும் செப்பனிடவும்' என்று பொருள்படும் அப்பிற்பகலின் பெயர், நாளடைவில் கடற்படைப் பேச்சில் அரைநாள் விடுமுறைக்கே பெயராகிவிட்டது. வேலைக்கென ஒதுக்கிய நேரம் ஓய்வின் பெயரைப் பெற்றது இங்கே. இதன் தலைகீழ் நிகழ்வைப் பின்னர்க் காண்போம். படைவீரனின் மூட்டையிலும் ஊசி நூல் வைத்த சிறு துணிச்சுருள் ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஹவுஸ்வைஃப்'. பேச்சில் 'ஹஸ்ஸிஃப்' என்று குறுகும். வீட்டில் மனைவி செய்த வேலையைப் போர்க்களத்தில் ஒரு பை செய்தது; ஆகவே அதற்கு 'இல்லத்தரசி' என்றே பெயர் சூட்டினார்கள்.

ஊசி தேவைக்கு மட்டும் அன்றி ஒழுக்கத்துக்கும் கருவியானது. படைமுகாம்களில் வீரர்களின் பெரும் எதிரி குடி. மாலைப்பொழுதைச் சாராயக்கடையிலிருந்து மீட்கக் கைவேலை நல்லதென மதுவிலக்கு இயக்கத்தார் கருதினர். சீருடைத் துணியின் சிவப்பு, கறுப்பு, வெள்ளைத் துண்டுகளைக் கணித ஒழுங்கோடு இணைத்த கனத்த போர்வைகளை வீரர்கள் தைத்தனர். கிரிமியப் போரில் காயமுற்ற தாமஸ் வாக்கர் என்னும் வீரர் மருத்துவமனைக் கட்டிலில் அமர்ந்து அப்படியொரு போர்வையைத் தைப்பதை 1856-இல் தாமஸ் உட் ஓவியமாகத் தீட்டினார். 1864 முதல் 1877 வரை இந்தியாவில் பணியாற்றிய பிரான்சிஸ் பிரெய்லி என்னும் சாதாரணச் சிப்பாயின் கைவேலை ஒன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆண்கள் தைத்த இப்போர்வைகளைக் கலைவரலாறு நெடுங்காலம் ஒரு விந்தையாகவே பார்த்தது. பெண் தைத்தால் இயல்பு, சிப்பாய் தைத்தால் அதிசயம் என்ற அளவுகோலே அதற்குக் காரணம்.

கடலில் நடந்த தையலுக்கு மிக விரிவான சான்று இந்தியக் கடல்வழியில் அன்று, ஆஸ்திரேலியக் கடல்வழியில் கிடைக்கிறது. 1841 ஏப்ரலில் 180 பெண் கைதிகளுடன் 'ராஜா' என்ற கப்பல் வூல்விச்சிலிருந்து புறப்பட்டது. சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃபிரை தொடங்கிய மகளிர் சங்கம், நாடுகடத்தப்பட்ட பெண்களுக்கு ஊசியும் நூலும் துணித்துண்டுகளும் கொடுத்தனுப்பியது. 105 நாள் பயணத்துக்குப்பின் ஜூலையில் கப்பல் ஹோபார்ட்டை அடைந்தபோது, 2,815 துண்டுகளால் ஆன பெருவிரிப்பு ஒன்று உருவாகியிருந்தது. அது இன்று கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியக் காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. துணிகொடுத்த மகளிர்க்கு நன்றி சொல்லும் வாசகம் அதில் தைக்கப்பட்டிருக்கிறது. தைத்தவர்களின் பெயர்கள் இல்லை. மேற்றளத்துச் சீமாட்டிக்குப் பொழுதுபோக்கு, கைதிக்குத் திருந்தியமைக்கான சான்றிதழ்; இரண்டும் ஒரே ஊசியால் நிகழ்ந்தன.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே ஓடிய கப்பல்களில் இன்னொருவரும் இருந்தார்: ஆயா. துரைமாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இந்தியப் பெண்கள் கூடவே அனுப்பப்பட்டனர். அங்கே சேர்ந்தபின் கைவிடப்பட்டவர்களும், திரும்பிச்செல்ல வேறொரு குடும்பத்தின் பயணத்துக்குக் காத்திருந்தவர்களும் தங்குவதற்கு இலண்டனில் ஒரு விடுதியே தேவைப்பட்டது. ஹாக்னியில் 'ஆயாக்கள் இல்லம்' இருந்த கட்டடத்துக்கு 2022-இல்தான் நினைவுப்பலகை வைக்கப்பட்டது. சீமாட்டியின் இரு கைகளும் பூவேலைக்கு ஒழிவாய் இருந்தது குழந்தை இன்னொருத்தியின் இடுப்பில் இருந்ததால் என்பதைப் பயணக் குறிப்புகள் தனியாகச் சொல்வதில்லை. சொல்லத் தேவையற்ற அளவுக்கு அது இயல்பாக இருந்தது.

கப்பலும் இரயிலும் கடந்து கூடை செகந்திராபாத் பங்களாவை அடைந்ததும் அதன் பொருள் மீண்டும் மாறுகிறது. அங்கே வராந்தாவில் ஏற்கெனவே ஒருவர் அமர்ந்திருந்தார். பாரசீகச் சொல்வழி அவர் 'தர்ஜி'. 1886-இல் வெளிவந்த ஹாப்சன்–ஜாப்சன் அகராதியில் 'டிர்ஸி' எனத் தனிப்பதிவாகவே இடம்பெற்றவர். சம்மணமிட்டு, கால்விரல்களால் துணியைப் பிடித்துக்கொண்டு, சீமையிலிருந்து வந்த பழைய கவுனைப் பார்த்து அப்படியே புதிய கவுன் தைத்துத் தருவார். ஃபுளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் 1888-இல் வெளியிட்ட இல்லப் பராமரிப்பு வழிகாட்டி போன்ற நூல்கள், பணியாளர் ஒவ்வொருவரையும் எப்படி ஏவுவது, எப்படிக் கண்காணிப்பது என்று சீமாட்டிகளுக்குப் பாடம் நடத்தின. அத்தியாவசியத் தையல் முழுவதும் தர்ஜியிடம் போக, கூடையில் எஞ்சியது அலங்காரம் மட்டுமே. கப்பலில் நேரம் மிகுந்ததால் பொழுதுபோக்கான தையல், கரையில் கூலிக்கு ஆள் கிடைத்ததால் பொழுதுபோக்காகவே நீடித்தது.

செகந்திராபாத் நெடுங்காலம் சென்னைப் படையின் முகாம் என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும். சிப்பாய்களோடும் ஒப்பந்தக்காரர்களோடும் சமையற்காரர்களோடும் தமிழ் அங்கே குடியேறியது. அத்தமிழுக்குத் தையல் ஒரு தொழிலாகப் பழக்கமானதுதான். துணி தைப்போரைக் குறிக்கும் துன்னகாரர் என்ற சொல் சிலப்பதிகாரத்திலேயே உண்டு. 'தையல்' என்பது பெண்ணுக்கும் பெயர். ஆயினும் கூலிக்குத் தைத்தவர்கள் பெரும்பாலும் ஆண்களாகவே இருந்தார்கள் என்பது அகராதி காட்டாத முரண். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிங்கர் தையற்பொறி, பம்பாய்ப் பார்சி முகவர் நசர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேலின் முயற்சியால் இந்தியாவெங்கும் பரவியபோது, அதை மிதித்தவரும் பெரும்பாலும் தர்ஜிதான். பொறி தொழிலாளியிடம் சேர்ந்தது. கையூசியின் மெதுவான வேலை சீமாட்டியின் மடியில் மேலும் மதிப்புப் பெற்றது.

கப்பலில் வந்த கூடைகள் எல்லாம் படைமுகாம்களுக்குப் போகவில்லை. சில, மிஷன் வளாகங்களில் இறங்கின. 1819-இல் இலண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டுடன் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட், அங்கிருந்த பெண்களுக்குப் பள்ளி நடத்திப் பின்னல்வேலை கற்பித்தார். திண்டின்மேல் குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. லேஸைக் குறிக்கும் 'ரேந்தை' என்ற தமிழ்ச்சொல் போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. ஆகவே மார்த்தாவே இந்தக் கடற்கரைக்கு அதை முதன்முதல் கொண்டுவந்தார் என்ற மிஷன் பெருமிதத்தைச் சற்றுக் குறைத்தே ஏற்க வேண்டும். ஆனால் அதை வருவாய்த் தொழிலாக்கியது அவர் பள்ளி என்பதில் ஐயமில்லை. பின்னல்கள் ஐரோப்பியக் குடும்பங்களிடையே விலைபோயின. அடிமைநிலையிலிருந்த மாணவியர் சிலர் அந்த வருவாயைக்கொண்டு விடுதலையை விலைக்கு வாங்கினர் என்று மிஷன் பதிவுகள் கூறுகின்றன. மால்ட்டின் மகள் எலைசா 1844-இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது பின்னற்கலையும் உடன்சென்றது. திராவிட மொழியொப்பியலைக் கற்போர் அவ்வூரைக் கால்டுவெல்லின் பெயரால் மட்டும் அறிவது பாதி வரலாறு.

அதே வளாகங்களில் மிஷன் பெண்கள் தைக்கக் கற்பித்த தளர்ந்த மேற்சட்டை, திருவிதாங்கூரில் உயிர்ப்பிரச்சினையானது. 1820-களிலும் 1858–59-இலும் சட்டை அணிந்த பெண்கள் தாக்கப்பட்டனர். அவர்களின் உடைகள் கிழிக்கப்பட்டன. 1859-இல் வெளிவந்த அரச பிரகடனமும் நாடார் பெண்கள் சட்டை அணியலாம் என்றதே தவிர, உயர்சாதிப் பெண்களைப் போல் மேலாடை உடுத்த இசையவில்லை. மேற்றளத்தில் கைக்குட்டை மூலையில் பூப்போட்ட அதே ஊசிதான் இங்கே ஒரு சட்டையின் தோளை இணைத்தது. அந்த இணைப்புக்காக அடிவாங்கியவளிடம் அதைப் பொழுதுபோக்கு என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

செகந்திராபாத்திலிருந்து கிழக்கே, கோதாவரி டெல்டாவின் நரசாபூரில் இதே கதை வேறுவிதமாக முடிகிறது. அங்கும் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள்வழியே லேஸ் வேலை பரவியது. 2024-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கொக்கியூசிப் பின்னலைச் செய்வோர் பெண்கள். ஏற்றுமதி வணிகத்தை நடத்தியவர்களோ ஆண்கள். ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1970-களின் இறுதியில் அங்கே கள ஆய்வு செய்து, 1982-இல் நூலாக வெளியிட்டார். உலகச் சந்தைக்காக நாள்தோறும் பல மணி நேரம் உழைத்த அப்பெண்களை ஊரும் வணிகரும் 'வீட்டில் சும்மா இருப்பவர்கள்' என்றே கண்டனர்; மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர்களைத் தொழிலாளர் என எண்ணவில்லை. கடற்படையில் வேலைநேரம் ஓய்வின் பெயரைப் பெற்றபோது மாலுமிக்கு அரைநாள் விடுமுறை கிடைத்தது. நரசாபூரில் அதே பெயர்மாற்றம் பெண்ணின் கூலியைத் தின்றது. இந்நிகழ்வுக்கு 'இல்லத்தரசியாக்கம்' என்று மீஸ் பெயரிட்டார். சிப்பாயின் ஊசிப்பைக்கு வைத்த பெயரும், தொழிலாளியின் உழைப்பை மறைத்த பெயரும் ஒன்றாக அமைந்தது மொழியின் தற்செயல் மட்டும் அன்று.

அவர் ஆய்வு செய்த காலத்தில் முகவர் நூலைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் கொடுப்பார்; முடிந்த பின்னல்களை வாங்கிச் செல்வார். அவை கப்பலேறி ஐரோப்பிய வீடுகளின் மேசைகளைச் சேர்ந்தன. கூலி கணக்கிடப்பட்டது செலவான நூலின் அளவைக்கொண்டு. மணிக்கணக்கு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.