பிடிக்கிறவர் கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்குக் கபடியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் ஒரு கணக்கு விவகாரம்தான் :-)

டிவியில் கபடி பார்க்கும் என் வகுப்பு நண்பர்களிடம் நாலு வீரர்கள் பெயர் சொல்லச் சொன்னேன். பிரதீப் நர்வால், பவன் செராவத், அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி என்று வந்தது. நாலு பேரும் ரெய்டர்கள், அதாவது பாடிப் போகிறவர்கள். பிடிக்கிறவர் ஒருவர் பெயர்கூட வரவில்லை. அதிலும் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் விட்டுப்போனது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அவர்தான் தர்மராஜ் சேரலாதன்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் பிடிக்கிறவர் வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். ரெய்டருக்கு 30 விநாடி. யாரையும் தொடாமல் திரும்பி வந்தாலும் நஷ்டம் இல்லை. மூன்றாவது தடவையும் வெறுங்கையோடு வந்தால்தான் அவுட். ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டு வந்தால் மூன்று புள்ளி. பிடிக்கிறவர்களுக்கோ மொத்தமாகக் கட்டிப் பிடித்தாலும் ஒரே புள்ளி. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் மட்டும் 'சூப்பர் டேக்கிள்' என்று இரண்டு. பிடி நழுவினால் கை வைத்த அத்தனை பேரும் வெளியே! எங்கள் பாடத்தில் இதைத்தான் குறைந்த லாபம், நிறைய ரிஸ்க் என்பார்கள். புரோ கபடியில் ரெய்டர் பத்துப் புள்ளி எடுத்தால் 'சூப்பர் 10', பிடிக்கிறவர் ஐந்து எடுத்தாலே 'ஹை 5'. அவருடைய ஒரு புள்ளி எவ்வளவு கஷ்டம் என்று லீக்கே ஒப்புக்கொள்கிறது.

அதிலும் கார்னரில் நிற்பவர் பாடு இன்னும் கஷ்டம். ரெய்டர் உள்ளே வந்து கால் நீட்டும் அந்த ஒரு நொடியில் குனிந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். முந்தினால் முகத்தில் உதை, பிந்தினால் புள்ளி போச்சு.

சேரலாதன் நின்றது அந்தக் கார்னரில்தான். தஞ்சாவூர் மாவட்டக்காரர், 1975-ல் பிறந்தவர். 2014 ஜூலையில் புரோ கபடி தொடங்கியபோது பெங்களூரு புல்ஸ் அணியில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 39. மற்றவர்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் உட்காரும் வயது. 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கேப்டன். அந்த வருடம் ஜூலை 31-ல் ஹைதராபாத்தில் நடந்த இறுதிப் போட்டியில் ஜெய்ப்பூரை 37-29 என்று வென்று கோப்பையை வாங்கினார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை. இறுதியில் ஈரானை 38-29 என்று வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார், 41 வயதில். பிறகு புனே, மும்பை. 2019-ல் 44 வயதில் ஹரியானா ஸ்டீலர்ஸ் கேப்டன். கூட ஆடிய பையன்கள், வடநாட்டுக்காரர்கள் உட்பட, அவரைக் கூப்பிட்டது 'அண்ணா' என்று. 2024-ல் தமிழ் தலைவாஸ் அணிக்கு வியூகப் பயிற்சியாளராக வந்தார்.

சரி, இதில் என்ன குறை என்கிறீர்களா? மேலே நான் எழுதியதை இன்னொரு முறை பாருங்கள். எல்லாமே 39 வயதுக்குப் பிறகு நடந்தது! இணையத்தில் அவருடைய டேக்கிள் புள்ளிகளைத் தேடினால் 2014-லிருந்துதான் வரும். உடம்பில் முழு பலம் இருந்த இருபதுகளிலும் முப்பதுகளிலும் அவர் எத்தனை பேரைப் பிடித்தார்? அந்தக் காலத்துப் போட்டிகளுக்கு முடிவு இருக்கும், கோப்பை இருக்கும். யார் எத்தனை பிடி பிடித்தார் என்று நாம் எடுத்துப் பார்க்கக் கணக்கு இல்லை. அக்கவுண்டன்சியில் ஓபனிங் பேலன்ஸ் இல்லாமல் பேரேடு எழுதினால் எங்கள் சார் மார்க் போடமாட்டார். சேரலாதன் கணக்கு அப்படித்தான் நிற்கிறது.

நம் ஊர் மட்டும்தான் இப்படியா என்று தேடிப் பார்த்தேன். பணக்கார அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை, அவர் எறிவதற்கு முன்பே தரையில் சாய்ப்பதற்கு 'சாக்' என்று பெயர். அந்தச் சொல்லைப் பரப்பியவர் என்று சொல்லப்படுபவர் டீக்கன் ஜோன்ஸ் என்ற தடுப்பு வீரர். 1961 முதல் 1974 வரை ஆடினார், பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு. ஆனால் அந்த லீக் சாக்குகளை அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்தது 1982-ல்தான். ஆக, அந்தச் சொல்லுக்கே உரியவருடைய அதிகாரபூர்வக் கணக்கு பூஜ்யம்! பின்னாளில் ஆர்வலர்கள் சிலர் பழைய ஆட்டக் குறிப்புகளையும் படச்சுருள்களையும் புரட்டி 1960 வரை பின்னோக்கிப் போய் எண்ணினார்கள். 2021-ல் அந்தக் கணக்கு வெளியானது. அவர் 2013-லேயே இறந்துவிட்டார்.

எண்ணுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஆகும். புரோ கபடியில் பிடிகளை எண்ணத் தொடங்கி நாலு வருடத்தில், 2018 ஏலத்தில், முதன்முதலாக ஒரு கோடியைத் தொட்ட வீரர் ரெய்டர் இல்லை, ஈரானைச் சேர்ந்த தடுப்பு வீரர் ஃபசல் அத்ராசலி. 2023-ல் அதே ஈரானின் முகமதுரெசா ஷாட்லூயி 2.35 கோடிக்குப் போனார். எண்ணப்படாத உழைப்புக்கு விலை கிடையாது. இது பொருளாதாரப் பாடத்தில் இருக்கிறதோ இல்லையோ, எங்கள் வீட்டில் இருக்கிறது.

என் சித்தப்பாவும் கார்னர்தான். மேலூர் பக்கம் கிராமங்களில் டியூப் லைட் கட்டி விடிய விடிய நடக்கும் மின்னொளி கபடியில் பதினைந்து வருடம் ஆடியவர். ஜெயித்தால் அண்டா, சில ஊரில் கிடா. மைக்கில் வந்ததெல்லாம் பாடிப் போனவர் பெயர்தான். சித்தப்பாவுக்கு மிஞ்சியது மடக்க முடியாத இடது முழங்கால். "எத்தனை பேரைப் பிடிச்சிருப்பீங்க சித்தப்பா?" என்று கேட்டேன். "அதை எவன்டா எண்ணுனான்?" என்று சிரித்தார்.

போன பொங்கலுக்கு எங்கள் ஊர் ஆட்டத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாடிப் போனவர்களை விட்டுவிட்டுப் பிடித்தவர்களை மட்டும் குறித்தேன். ஐ.டி.ஐ. படிக்கும் பையன் ஒருவன், ஒரே ஆட்டத்தில் ஆறு பிடி. ஆட்டம் முடிந்து நோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தேதியையும் எழுதச் சொன்னான்.

எழுதினேன்.