தில்லியில் டீசல் பஸ் போன கதை

1995-ல் வேலைக்காகத் தில்லி வந்தபோது கரோல்பாகில் ஒரு மாடி அறை. சாயங்காலம் ஐ.டி.ஓ.வில் ப்ளூலைன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்து முகம் கழுவினால் வாஷ்பேசினில் கறுப்பாகத் தண்ணீர் ஓடும். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா முதல் வாரமே, "ஏண்டா, ஊர் முழுக்க விறகடுப்பா இங்கே?" என்று கேட்டாள். 1999 குளிர்காலத்தில் என் மூன்று வயது மகளுக்கு இழுப்பு வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு நெபுலைசர் மாஸ்க்கை அவள் முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிறகுதான் புகை எனக்குச் சொந்த விஷயம் ஆயிற்று.

இங்கே அந்த நாட்களைப் பார்த்த நம்மவர்களைக் கேளுங்கள். "சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது, சி.என்.ஜி. வந்தது, புகை போச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தீர்ப்பை உட்கார்ந்து படித்த பிறகு தெரிந்தது, விவரம் தெரிந்தவர்களே இரண்டு கட்சியாக நின்று மோதிய வழக்கு அது என்று.

வக்கீல் எம்.சி. மேத்தா வழக்குப் போட்டது 1985-ல். பத்து வருடத்துக்கு மேல் பெரிதாக ஒன்றும் அசையவில்லை. 1996-ல் அனில் அகர்வாலின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், வண்டிப் புகை மெல்லக் கொல்கிறது என்று ஒரு புத்தகம் போட்டது. எஞ்சின், எரிபொருள், சோதனை முறை, சாலைத் திட்டம் எல்லாவற்றிலும் இருந்த ஓட்டைகளைப் பிரித்துக் காட்டிய புத்தகம். 1998 ஜனவரியில் பூரே லால் தலைமையில் சுற்றுச்சூழல் மாசுத் தடுப்பு ஆணையம் அமைந்தது. அதன் பரிந்துரையை ஏற்று அதே வருடம் ஜூலை 28-ல் கோர்ட் தேதி போட்டு உத்தரவிட்டது. 1990-க்கு முந்தைய ஆட்டோக்களும் டாக்சிகளும் 2000 மார்ச்சுக்குள் மாற வேண்டும். நகரத்தின் அத்தனை பஸ்களும் 2001 மார்ச் 31-க்குள் சி.என்.ஜி.யில் ஓட வேண்டும். கேஸ் நிரப்பும் நிலையங்கள் 9-லிருந்து 80 ஆக வேண்டும்.

தேதி நெருங்க நெருங்கத்தான் சண்டை சூடு பிடித்தது. கந்தகம் மிகக் குறைந்த டீசலும் புகைபோக்கியில் துகள் பிடிக்கும் வடிகட்டியும் போதும், ஐரோப்பாவில் அப்படித்தான் செய்கிறார்கள் என்றது டெரி நிறுவனம். சி.என்.ஜி.தான் வேண்டும் என்றது அகர்வாலின் மையம். மத்திய அரசு 2001 செப்டம்பரில் டாக்டர் மஷேல்கர் தலைமையில் ஒரு நிபுணர் குழு போட்டது. அந்தக் குழு சொன்னது இதுதான்: எவ்வளவு புகை விடலாம் என்று மட்டும் அரசு அளவுகோல் வகுக்கட்டும், எந்த எரிபொருள், எந்த எஞ்சின் என்பதில் தலையிட வேண்டாம்.

பாடப்புத்தகப்படி இதில் குற்றமே இல்லை. நானும் ஒரு எஞ்சினியர். 2002-ல் யாராவது கேட்டிருந்தால் மஷேல்கர் பக்கம்தான் கை தூக்கியிருப்பேன். நல்ல டீசல், நல்ல வடிகட்டி இருந்தால் சி.என்.ஜி.க்குச் சமமாக வரலாம் என்பது உண்மைதான்.

ஆனால் அந்த நல்ல டீசல் எங்கே இருந்தது? அப்போது தில்லியில் கிடைத்த சிறந்த டீசலிலேயே பத்து லட்சத்தில் 500 பங்கு கந்தகம். வடிகட்டி சரியாக வேலை செய்ய 50-க்கும் கீழே வேண்டும். அதைவிடப் பெரிய வில்லங்கம் மண்ணெண்ணெய். ரேஷனில் மலிவாகக் கொடுக்கிற மண்ணெண்ணெய் டீசலில் கலந்து எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருந்தது. சோதனைச் சாலையில் சுத்தமான எரிபொருளை ஊற்றிப் புது எஞ்சினுக்குச் சான்றிதழ் தரலாம். மூன்றாம் வருடம் அதே எஞ்சினுக்குள் பங்கில் எதை ஊற்றுகிறார்கள் என்பதை எந்த அளவுகோல் பார்க்கும்? குழாய் வழியே அழுத்தத்தில் வரும் கேஸில் மண்ணெண்ணெய் கலக்க முடியாது. என் கணக்கில் வழக்கின் திருப்பம் இந்த இடம்தான். இரண்டில் எது சுத்தம் என்பதைவிட, எதைத் தெருவில் கெடுக்க முடியாது என்பதுதான் எடுபட்டது.

2002 ஏப்ரல் 5-ல் நீதிபதி கிர்பால் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. மஷேல்கர் குழுவில் ஒரு டாக்டரோ பொதுச் சுகாதார நிபுணரோ இல்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. டீசல் பஸ் ஓட்டினால் நாளுக்கு 500 ரூபாய், 30 நாளுக்குப் பிறகு 1000 ரூபாய் அபராதம். 2002 டிசம்பர் பிறந்தபோது நகரப் பேருந்துகளில் டீசல் இல்லை. இதைப் பார்க்க அனில் அகர்வால் இல்லை. புற்றுநோயோடு போராடியபடியே வாதாடியவர், தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்பு, ஜனவரி 2-ல் போய்விட்டார்.

இந்த மாற்றத்துக்கான சிரமத்தைச் சுமந்தது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் வழக்கமாகப் போகும் ஆட்டோக்காரர், பீகார்காரர், கேஸுக்காக ராத்திரி முழுக்க வரிசையில் நின்று வண்டியிலேயே தூங்கிவிட்டுக் காலையில் வருவார். "ஓட்டுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம் சாப்" என்பார். பஸ்கள் குறைந்துபோன நாட்களில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து டாக்சி பிடித்து ஆபீஸ் போனோம். அதுகூட முடியாதவர்கள் நடந்தார்கள்.

கறுப்புப் புகை குறைந்தது நிஜம். வாஷ்பேசின் தண்ணீரிலேயே தெரிந்தது. ஆனால் பஸ்ஸைத் திருத்திய நகரம் கார்களை எண்ண மறந்தது. விவசாயிக்கும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் என்று மலிவாக வைத்திருந்த டீசலைக் கார் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. டீசல் கார், பெட்ரோல் காரைப் போல மூன்று மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு விடலாம் என்று விதியே அனுமதித்தது. அங்கேயும் விஷயம் தெரிந்தவர்கள் எச்சரித்தார்கள். கோர்ட்டைப் போலத் தேதி போட ஆளில்லை. பெரிய டீசல் கார்களைப் புதிதாகப் பதிவு செய்யக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2015 டிசம்பரில்தான். அதுவும் அடுத்த ஆகஸ்டில், ஒரு சதவீத வரி கட்டினால் போதும் என்று தளர்ந்தது.

அந்த டீசல் கார் வாங்கிய கூட்டத்தில் நானும் உண்டு. 2009-ல், லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் மிச்சம் என்று கணக்குப் போட்டு. நெபுலைசர் அப்போதும் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. மகள், "அப்பா, டீசலா?" என்று கேட்டாள். "இப்போ வர்ற எஞ்சின் எல்லாம் வேற மாதிரிம்மா" என்றேன்.

பத்து வருடமான டீசல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. 2019-ல் என் காருக்குப் பத்து முடியும் முன்பே ஒரு புரோக்கர் வந்து, தடையில்லாச் சான்று வாங்கி, வெளி மாநிலத்துக்கு ஓட்டிப்போனார். நல்ல விலைதான் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டேன். "கிழக்கே எங்கேயாவது" என்றார்.