விலை போகாத குட்டி

கனடாவின் பெரும் பீர் அதிபர் இ. பி. டெய்லருக்கு ஒரு வழக்கம் இருந்தது. தன் பண்ணையில் பிறந்த ஒரு வயதுக் குதிரைக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே விலை எழுதி வைத்துவிடுவார். வாங்க வருபவர்கள் சுற்றிப் பார்த்து, பிடித்ததை அந்த விலைக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். யாரும் சீந்தாதவை டெய்லரின் கொட்டிலிலேயே தங்கிவிடும். 1962இல் அப்படித் தங்கிப்போன ஒரு செம்பழுப்புக் குட்டியின் விலை 25,000 டாலர். குட்டையான உடம்பு, தடித்த கழுத்து, யாருக்கும் அடங்காத குணம். வந்தவர்கள் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அதன் பெயர் நார்தர்ன் டான்சர்.

அது குட்டையாக இருந்ததற்கு அது பிறந்த தேதியும் ஒரு காரணம். பூமத்திய ரேகைக்கு வடக்கே பிறக்கும் பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் ஜனவரி 1தான் பிறந்தநாள் என்பது பந்தய உலகின் சட்டம். மே 27ஆம் தேதி பிறந்த இந்தக் குட்டியும் பிப்ரவரியில் பிறந்த குட்டியும் கணக்கில் ஒரே வயது. அதனால் பண்ணைக்காரர்கள் ஆண்டின் தொடக்கத்திலேயே குட்டி கிடைக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். நார்தர்ன் டான்சரின் தாய் நடால்மா பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த குதிரை. 1960இல் கென்டக்கி ஓக்ஸ் பந்தயம் நெருங்கியிருந்த நேரத்தில் முழங்கால் எலும்பு சிதறி அதன் ஓட்டம் நின்றது. இனச்சேர்க்கைப் பருவம் முடியப்போகிறது. ஓராண்டை வீணாக்குவானேன் என்று, டெய்லரின் சொந்தக் குதிரையான நியர்க்டிக்குடன் சேர்த்தார்கள். முழங்கால் முறியாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு நாயகனே கிடையாது.

தற்செயல் என்று சொன்னாலும் வம்சம் சாதாரணமானதில்லை. டெய்லர் 1952இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட் ஏலத்தில் லேடி ஏஞ்சலா என்ற பெட்டைக் குதிரையை வாங்கியபோது, அதை மறுபடி நியர்க்கோவுடன் சேர்த்த பிறகே கனடாவுக்குக் கொண்டுபோவேன் என்று நிபந்தனை போட்டார். நியர்க்கோ, இத்தாலிய மேதை ஃபெடெரிகோ டெசியோ வளர்த்தெடுத்த குதிரை. ஓடிய 14 பந்தயங்களிலும் வென்றது. 1938இல் இங்கிலாந்துக்கு விற்கப்பட்ட அதற்கு, உலகப் போரின்போது பண்ணையில் தனியாகக் குண்டுவீச்சுப் பதுங்குமிடமே கட்டியிருந்தார்கள். அந்தச் சேர்க்கையில் 1954இல் கனடாவில் பிறந்ததுதான் நியர்க்டிக். ஆக, விலை போகாமல் நின்ற குட்டியின் தந்தைவழிப் பாட்டன் ஐரோப்பாவின் உச்ச வம்சம். தாய்வழிப் பாட்டன், அமெரிக்காவில் 22 பந்தயங்களில் ஒன்றே ஒன்றில் தோற்ற நேட்டிவ் டான்சர். வாங்க வந்தவர்கள் காகிதத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்கள்.

பயிற்சியாளர் ஹோராசியோ லூரோ அர்ஜென்டினாக்காரர். குட்டியின் முரட்டுத்தனத்தைச் சமாளிக்க முடியாமல், காயடித்துவிடலாம் என்று யோசனை சொன்னார். டெய்லர் ஒப்பவில்லை. பந்தய வரலாற்றில் அதைவிட விலைமதிப்புள்ள மறுப்பு இருக்குமா என்பது சந்தேகம்.

1963 ஆகஸ்டில் ஃபோர்ட் ஈரியில் முதல் ஓட்டம். மேலே அமர்ந்திருந்த இளம் ஜாக்கி ரான் டர்காட். பத்து ஆண்டுகள் கழித்து செக்ரட்டேரியட்டின் முதுகில் உலகப் புகழ் பெறப்போகிறவர். அன்றைக்கு எளிதான வெற்றி. அடுத்த மே மாதம் கென்டக்கி டெர்பி. ஃபுளோரிடா டெர்பியில் நார்தர்ன் டான்சரை ஓட்டி வென்றிருந்த பில் ஷூமேக்கர், டெர்பிக்குக் கலிபோர்னியாவின் ஹில் ரைஸ்தான் தேவலாம் என்று மாறிக்கொண்டார். லூரோ பில் ஹார்டாக்கை ஏற்றினார். கடைசி நேர்ப்பாதையில் நெடிய ஹில் ரைஸ் எட்டி எட்டிப் பாய, குட்டைக்கால் குதிரை அடிக்கு இரண்டடியாக வைத்துக் கழுத்தளவில் முந்தியது. நேரம் சரியாக 2 நிமிடம், புதிய சாதனை. கனடாவில் பிறந்த குதிரை கென்டக்கி டெர்பியை வென்றது அதுவே முதல் முறை. இரண்டு வாரத்தில் பிரீக்னஸும் கிடைத்தது. அமெரிக்க மும்முடிப் பந்தயங்களில் மூன்றாவதான பெல்மான்ட்டில் மட்டும் மூன்றாம் இடம். ஜூனில் தாயகம் திரும்பி குவீன்ஸ் பிளேட்டைச் சுலபமாக வென்றது. அதுவே கடைசி ஓட்டம். கால் தசைநாண் வீங்கிவிட்டது. 18 ஓட்டம், 14 வெற்றி, ஒருமுறைகூட முதல் மூன்று இடத்துக்கு வெளியே போனதில்லை. டொராண்டோ மேயர் கேரட்டில் செதுக்கிய நகரச் சாவியைப் பரிசளித்தார்.

இத்தோடு நின்றிருந்தால் கனடாவுக்கு ஒரு நல்ல நினைவு, ஒரு தபால் தலை என்று முடிந்திருக்கும். 1965இல் அது பொலிகுதிரையாக நின்றபோது ஒரு சேர்க்கைக்குக் கட்டணம் 10,000 டாலர். தோரோபிரெட் என்னும் பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு இன்றும் அனுமதி இல்லை. குதிரையும் குதிரையும் நேரில் சேர்ந்தால்தான் குட்டியைப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். நெடிய பெட்டைகளை எட்ட முடியாத இந்தக் குள்ளனுக்காக ஒரு சிறு மேடு அமைக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது ஆண்டுக் குட்டிகளில்தான் உலகம் விழித்துக்கொண்டது. அயர்லாந்தின் பயிற்சியாளர் வின்சென்ட் ஓ'பிரையன், அமெரிக்கக் கோடீசுவரர் சார்லஸ் எங்கல்ஹார்டுக்காக வேறொரு வம்சத்துக் குட்டியைப் பார்க்க டெய்லரின் பண்ணைக்கு வந்தார். வந்த காரியம் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு குட்டியின்மேல் கண் விழுந்தது. தகப்பனைப் போலன்றி நெடுநெடுவென்று வளர்ந்த அந்தக் குட்டி 84,000 டாலருக்கு வாங்கப்பட்டு அயர்லாந்து சேர்ந்து நிஜின்ஸ்கி ஆனது. 1970இல் லெஸ்டர் பிகட்டைச் சுமந்து 2000 கினீஸ், எப்சம் டெர்பி, செயின்ட் லெஜர் மூன்றையும் வென்றது. 35 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஆங்கில மும்முடி அது. அதன்பின் இன்றுவரை எந்தக் குதிரைக்கும் கிட்டவில்லை. தந்தை பெல்மான்ட்டில் மூச்சுவாங்கியதை வைத்து நீண்ட தூரத்துக்கு இந்த ரத்தம் ஆகாது என்று பேசியவர்கள் பிறகு வாய் திறக்கவில்லை.

ஒரு குதிரை நல்ல குட்டிகளைத் தருவது ரத்தத்தின் வேலை. அந்த ரத்தம் உலகை ஆள்வது பணத்தின் வேலை. நார்தர்ன் டான்சரின் கதையில் இரண்டாவது பாதியை எழுதியவர்கள் மூன்று பேர்: கண்ணுள்ள ஓ'பிரையன், கால்பந்துப் பந்தயச் சீட்டுத் தொழிலில் பணம் குவித்த ராபர்ட் சாங்ஸ்டர், கூல்மோர் பண்ணையைப் பின்னாளில் பேரரசாக்கிய ஜான் மேக்னியர். பந்தயப் பரிசுப் பணத்தை அவர்கள் பெரிதாக மதிக்கவில்லை. நல்ல வம்சத்து ஆண் குட்டிகளை மொத்தமாக வாங்க வேண்டும்; பத்தில் ஒன்று பெரிய பந்தயம் வென்றால் போதும், அதைப் பொலிகுதிரையாக்கி மற்ற ஒன்பதின் நட்டத்தையும் ஈடுகட்டிவிடலாம். இதுதான் கணக்கு. 2 லட்சம் டாலருக்கு வாங்கிய தி மின்ஸ்ட்ரல் 1977இல் எப்சம் டெர்பியை வென்றதும், அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகும்போது அதன் மதிப்பு 90 லட்சம் டாலர். பாதிப் பங்கை வாங்கியவர் டெய்லரேதான்.

துபாயின் ஷேக் முகமதும் அவருடைய சகோதரர்களும் களத்தில் இறங்கியதும் விலை கூரையைப் பிய்த்தது. 1983 ஜூலையில் கென்டக்கியின் கீன்லேண்ட் ஏலத்தில் நார்தர்ன் டான்சரின் குட்டி ஒன்றுக்காக சாங்ஸ்டர் அணியும் ஷேக் முகமதுவும் மோதினார்கள். எட்டு இலக்க விலையைக் காட்ட ஏலப் பலகையில் இடமே இல்லை. 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு ஷேக் வென்றார். ஸ்னாஃபி டான்சர் என்று பெயரிட்ட அந்தக் குட்டி ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை; பொலியாகவும் சோபிக்கவில்லை, நாலே நாலு குட்டிகள். பத்திரிகைகள் கேலி செய்து தீர்த்தன. ஆனால் அந்த ஆண்டுகளில் பைத்தியக்காரத்தனத்துக்கும் வியாபாரத்துக்கும் எல்லைக்கோடு எங்கே என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. 1981இல் 20 வயதுக் கிழட்டு நார்தர்ன் டான்சரையே 4 கோடி டாலருக்குக் கேட்டார்கள். பங்குதாரர்கள் கொடுக்க மறுத்தார்கள். 1980களின் நடுவில் ஒரு சேர்க்கைக்கு 10 லட்சம் டாலர்வரை போனது, சினை நிற்கும் என்ற உத்தரவாதம்கூட இல்லாமல்.

1984 எப்சம் டெர்பியில் கடைசி அடிவரை போராடிய இரண்டு குதிரைகள், நூலளவில் வென்ற செக்ரெட்டோவும் தோற்ற எல் கிரான் சென்யோரும், ஒரே தகப்பனின் பிள்ளைகள். அதே வயதுக்காரன்தான் சாட்லர்ஸ் வெல்ஸ். எல் கிரான் சென்யோருடன் ஒரே கொட்டிலில் இருந்து, அதன் நிழலில் ஓடிய குதிரை. பொலிக்கு வந்ததும் நிலைமை தலைகீழானது: எல் கிரான் சென்யோருக்கு இனவிருத்தித் திறன் குறைவு, சாட்லர்ஸ் வெல்ஸ் பிரிட்டன், அயர்லாந்தின் முன்னணிப் பொலிகுதிரைப் பட்டத்தை 14 முறை தட்டிச்சென்றது. அதன் மகன் கலிலியோ 12 முறை. மூன்றே ஓட்டங்களோடு முழங்கால் கெட்டு நின்ற டான்சிக் இன்னொரு கிளை. அதன் மகன் டேன்ஹில், வடக்கே வசந்தம் முடிந்ததும் விமானமேறி ஆஸ்திரேலியாவின் வசந்தத்துக்குப் போய் ஆண்டுக்கு இரண்டு பருவம் உழைத்தது. ஆஸ்திரேலியாவில் 9 முறை முன்னணிப் பட்டம். தாத்தா 22 பருவங்களில் ஏறத்தாழ 645 குட்டிகள் தந்தது. பேரனோ 2,000க்கும் மேல். நார்தர்ன் டான்சரின் இன்னொரு மகனான ஸ்டார்ம் பேர்டின் மகன் ஸ்டார்ம் கேட் அமெரிக்காவில் ஒரு சேர்க்கைக்கு 5 லட்சம் டாலர் வாங்கியது.

இந்தியாவுக்கும் ஒரு மகன் வந்தது. 1990 எப்சம் டெர்பியில் பெரிதும் எதிர்பார்க்கப்பட்டுத் தோற்ற ரேஸீன், உஷா குதிரைப் பண்ணைக்கு வந்து நம் நாட்டின் முன்னணிப் பொலிகுதிரைகளில் ஒன்றானது. ஐரோப்பாவில் தோற்றவை இங்கே ராஜாவாவது இந்தியக் குதிரை வளர்ப்பில் புதிதல்ல. கிண்டியிலோ ஊட்டியிலோ ரேஸ் புத்தகத்தைப் புரட்டி, குதிரையின் அப்பன் ஆத்தாள் பெயரைப் படித்துப் பணம் கட்டியவர்களுக்கு ரேஸீன் பழக்கப்பட்ட பெயர்.

பரவல் எங்கே போய் நின்றது என்பதை ஆய்வகங்கள் சொல்கின்றன. 2012இல் வெளியான மரபணு ஆய்வொன்று, குறுகிய தூர வேகத்தோடு தொடர்புள்ள மயோஸ்டாட்டின் மரபணு வடிவம் அண்மைக் காலத்தில் பரவியதற்கு நியர்க்டிக்கின் வம்சமே முக்கிய வழி என்று கண்டது. 2020இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தோரோபிரெட் குதிரைகளை அலசியது. அவற்றில் 97 சதவீதத்தின் வம்சாவளியில் நார்தர்ன் டான்சர் இருந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் குதிரைகளில் 55 சதவீதத்தில் டேன்ஹில். அதே ஆய்வு, ஐம்பது ஆண்டுகளில் நெருங்கிய உறவுக் கலப்பு கூடிவருவதையும் பதிவு செய்தது.

இதைக் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 14 ஓட்டத்திலும் தோற்காத ஃபிராங்கலின் தந்தை கலிலியோ. தாய், டேன்ஹில்லின் மகள். தந்தைவழியில் மூன்றாம் தலைமுறையிலும் தாய்வழியில் நான்காம் தலைமுறையிலும் ஒரே நார்தர்ன் டான்சர். நம் காலத்தின் மிகச் சிறந்த குதிரை பிறந்ததே அந்தக் கலப்பில்தான். ஆனால் அதைப் பார்த்து எல்லோரும் அதையே செய்யும்போது, கலப்பதற்கு வேறு ரத்தம் எங்கே என்ற கேள்வி பண்ணைக்காரர்களை நிஜமாகவே துரத்துகிறது. அமெரிக்க ஜாக்கி கிளப் 2020இல், இனி பிறக்கும் பொலிகுதிரைகள் ஆண்டுக்கு 140 பெட்டைகளுக்கு மேல் சேரக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. பெரிய பண்ணைகள் வழக்குப் போட்டன, கென்டக்கி சட்டமன்றமும் எதிர்த்தது. 2022 பிப்ரவரியில் கிளப் விதியைத் திரும்பப் பெற்றது.

அதே 2022இல் பிரிட்டன், அயர்லாந்தின் முன்னணிப் பட்டியலில் இன்னொன்று நடந்தது. 1990 முதல் 2021 வரை 32 ஆண்டுகள், அந்தப் பட்டத்தை ஒருமுறைகூட விடாமல் நார்தர்ன் டான்சரின் மகனோ, பேரனோ, தகப்பன்வழிச் சந்ததியோதான் வாங்கிவந்தது. அந்த ஆண்டு ஷேக் முகமதுவின் துபாவி முதலிடத்துக்கு வந்து சங்கிலியை அறுத்தது. அது மிஸ்டர் பிராஸ்பெக்டர் என்ற வேறு குதிரையின் தகப்பன்வழி. துபாவியின் தந்தையைப் பெற்ற தாய் கொலராடோ டான்சர். அந்தப் பெட்டையின் தகப்பன் ஷரீஃப் டான்சர், 1983 ஐரிஷ் டெர்பி வென்ற குதிரை, நார்தர்ன் டான்சரின் மகன்.